பட்டாசு லேபிளுக்கு வந்த கடல்குதிரை

பகல் பதினொன்றே காலுக்கு விருதுநகரில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து, சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போன் வந்தது. அறிவியல் கண்காட்சிக்கு அவள் கொண்டுபோன கடல்குதிரையைப் பூட்டி வைத்திருப்பதாகவும் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும் தலைமையாசிரியை சொன்னார்.

அது எங்களிடம் வந்ததே பட்டாசால்தான். ஒரு கம்பெனி, தரைச்சக்கரப் பெட்டிக்குக் கடல்குதிரைப் படம் போட்ட லேபிள் ஆர்டர் தந்தது. வால் எந்தப் பக்கம் சுருளும் என்று எங்கள் ஓவியருக்குத் தெரியவில்லை. கடலோரத்தில் மீன் வியாபாரம் செய்யும் மச்சானிடம் கேட்டேன். காய்ந்த ஒன்றைப் பஞ்சில் பொதிந்து அனுப்பினார். லேபிள் அச்சானதும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நானும் மகளும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். செதிலே இல்லை, உடம்பெல்லாம் வளையம் வளையமாக எலும்பு. இது மீன்தான் என்று அவளை நம்பவைக்கப் பெரும்பாடாயிற்று.

விருதுநகர் போய்ச் சேரும்வரை, யாரோ ஒரு அதிகாரி என் மகளின் பெயரைக் கேட்டு எழுதுவதே கண்ணுக்குள் நின்றது.

அவள் அழவில்லை. நடுவராக வந்திருந்த ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்க அட்டவணையிலதான் சார் இதுவும் இருக்கு. வீட்ல வச்சிருக்கவே கூடாது," என்றார் ஆசிரியை.

"அத்தா, புலி எம்புட்டுப் பெருசு. இது என் விரல் அம்புட்டுதான. ரெண்டுக்கும் ஒரே கேஸா?"

அதட்ட நினைத்தேன். ஆனால் எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

"சின்னதா இருக்கதுதான் அதுக்கு வினை," என்றார் ஆசிரியை. "கடல்புல்லை வாலால பிடிச்சிக்கிட்டு நிக்கும். வேகமா நீந்தத் தெரியாது. இழுவலை புல்லோட வழிச்சிட்டு வந்துருது. மருந்துக்குன்னு காயவச்சு மூட்டை கட்டிருதாக."

"எங்க மச்சான் பிடிக்கல. இறால் வலையில அதுவா சிக்கிச் செத்ததாம்," என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக."

"ஒங்க லேபிளையே சார்ட்டுல ஒட்டி விட்டிருக்கலாம்லா சார்," என்றார் தலைமையாசிரியை. லேபிள் கதையை மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு வனவர் வந்தார். கடல்குதிரையை மல்லாத்தி மகளுக்குக் காட்டினார்.

"வயித்துல பை இருக்கு பாரு பாப்பா. இது ஆண். குஞ்சைச் சுமக்கது தகப்பன்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பேரு வேண்டாம். ஒங்ககிட்ட எழுதி வாங்கிக்கிடுதேன். அந்த மச்சானுக்குப் போன் போட்டுக் குடுங்க. வலையில எத்தனை வந்துச்சு, மத்ததெல்லாம் எங்கன போச்சுன்னு அவருகிட்டக் கேக்கணும்."