வகுபடாத கியர்

கொச்சிக்கடை வேர்க்‌ஷொப்பில் நான் லேத் பிடித்து ஆறாவது வருடம். யுத்தகாலம். ஒரு கப்பல் பம்புக்கு மில்லிமீட்டர் கணக்கில் திருகுபுரி உள்ள நீண்ட தண்டு வெட்டவேண்டும். எங்கள் லேத்தோ அங்குலக் கணக்கு. மாற்றிக் கொடுப்பது 127 பல் கியர் ஒன்றுதான். அன்று காலை அது பல்லுடைந்து போனது.

போர்மன் செல்லையா புதுக் கியர் வெட்டச் சொல்லி ஜொப் கார்டை நீட்டினார். மையால் 128 என்று எழுதியிருந்தார்.

"ஒரு பல்லுத்தானே கூட. ஆர் எண்ணிப் பாக்கப்போறான்?"

அவர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். 128 சொன்னபடி கேட்கும் இலக்கம். பாதி பாதியாக ஏழுதரம் வெட்டினால் ஒன்றில் வந்து நிற்கும். பல்லைச் சமமாகப் பிரிக்க அதற்கேற்ற துளைத்தட்டும் கடையில் இருந்தது. ஒன்று குறைந்த 127 யாருக்கும் பணியாது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, எதனாலும் வகுபடாது. பதினொன்றோடு நிறுத்தலாம், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினாலே 127ஐத் தாண்டிவிடும்.

"சேர், 128 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறையும். நட் பாதியிலை இறுகும்."

"இறுகினா அரத்தாலை ராவி விடும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கார்டில் 128ஐக் கோடிட்டு அடித்து, 127 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"நாளைப் பின்னேரம் வேலை விடுற சங்குக்கு முன்னம் வெட்டிக் காட்டும். இல்லாட்டி அப்பிடியே வீட்டை போம்" என்றார்.

127க்குத் தட்டு இல்லையென்றால் செய்யவேண்டியதுதான். நீண்ட தகரப் பட்டியில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடாக 127 பங்கு குறித்தேன். பட்டியின் இரு முனையும் சரியாக முட்டும்வரை ஒரு பலகை வட்டத்தைக் கடைந்து, பட்டியைச் சுற்றி, கோட்டுக்கொரு துளை போட்டேன். அதை, கியரைப் பல்பல்லாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில், துளையில் விழும் ஊசியுள்ள கைப்பிடிக்குப் பின்னால் பூட்டினேன். கைப்பிடி நாற்பது சுற்றினால் கியர் ஒரு சுற்று. என் பலகையில் மயிரளவு பிசகினாலும் கியரில் அதில் நாற்பதில் ஒன்றுதான்.

முதல் துளைக்கு அடையாளமாகச் சோக் பூசினேன். ஒரு பல்லுக்கு நாற்பது துளை எண்ணி நகர்த்தவேண்டும். மறுநாள் எழுபதாவது பல்லில் போர்மன் வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன, இன்னும் சோக் ஓட்டைக்கு வரேல்லை?"

"128 எண்டா பதினாறாம் பல்லிலேயே வந்திருக்கும் சேர். இது எல்லா ஓட்டையையும் தொட்டுத்தான் வரும். முந்தி வந்தா எண்ணினது பிழை. நானே வீட்டை போறன்."

அவர் போகவில்லை. கடைசிப் பல்லை வெட்டி நாற்பது துளை நகர்த்தினேன். ஊசி சோக் பூசிய துளையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது.

போர்மன் கார்டை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது லேத் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கார்டிலும் ஒருநாள் இப்படி ஒரு இலக்கம் வரும், மாற்றி எழுதச் சொல்வார்கள். எந்தப் பெரியவர் மையால் எழுதினாலும் 127 வகுபடாது.