தருமண்ணை மூஸ் வேட்டைக்குப் பை வாங்கினார்

1. வேலை கிடைத்த விதம்

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு கொழும்பில் லொறிக் கிளீனர், கப்பலில் வெங்காயம் உரிப்பவன், இத்தாலியில் தக்காளி பிடுங்குபவன், மொன்றியலில் கோப்பை கழுவுபவன் என்று போனது காலம். எந்த இடத்திலும் நான் நிலைத்து நின்றதில்லை. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். வெளியே மழை. உள்ளே போனேன்.

கடைக்காரி பெயர் லிஸ். "வேட்டைக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டாள்.

"இல்லை. எங்களைத்தான் துரத்தினவை. நாங்கள் ஓடியிருக்கிறம்."

அவள் சிரிக்கவில்லை. "ஓடும்போது என்ன சுமந்தாய்?"

"அரிசி மூட்டை, சட்டி, பக்கத்து வீட்டுக் கிழவர்."

"கிழவரை எப்படி?"

"கதிரையோட சேர்த்து முதுகில கட்டி."

"இடுப்பிலும் கட்டினாயா, தோளில் மட்டுமா?"

"முதல் தோளில. பேந்து அறிவு வந்து இடுப்பில."

"முதுகுப் பைப் பகுதியை நீ பார்த்துக்கொள்" என்றாள். அதுதான் நேர்முகத் தேர்வு.

இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் பெரிய மிருகம் வேட்டையாடப் போகிறவனுக்குப் பை என்பது துணி அல்ல, பிரேம். துணி கிழிந்தால் தைக்கலாம். பிரேம் வளைந்தால் முதுகு வளையும். ஆளின் உயரத்தை அளக்கக் கூடாது. கழுத்தின் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளக்க வேண்டும். நெட்டை ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கும், குட்டை ஆளுக்கு நீள முதுகு இருக்கும். நல்ல வேட்டைப் பையில் பிரேமுக்கும் பைக்கும் இடையில் வாய் திறக்கும். இறைச்சியை அந்த இடைவெளியில் முதுகோடு ஒட்டி வைத்து, பக்கத்துப் பட்டிகளால் இறுக்கிக் கட்டுவார்கள். பட்டிகள் நீளமாகத் தொங்குவது அதற்காகத்தான். எங்கள் கடையில் மணல் மூட்டை இருந்தது. அதைப் பைக்குள் வைத்து நிலவறைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லுவோம். ஏறும்போது எல்லோரும் வீரர்கள். இறங்கும்போதுதான் உண்மை தெரியும்.

2. பையை எறிந்தவர்

ஆவணி முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலை, தருமண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் கடைக்கு வந்தார்கள். கோயிலில் பார்த்துப் பழக்கம். தருமண்ணை டோர்வல் விமான நிலையத்தில் ஆயுள் முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்கி, அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். குட்டை ஆள், நெஞ்சு மட்டும் பீப்பாய்.

"தம்பி, மூஸ் வேட்டைக்கு ஒரு பை வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ராணி அக்கா முந்திக்கொண்டார்.

"உந்த மூஸ் எண்டது மாடோ, மானோ?"

"மான் சாதி அக்கா."

"படத்தில பார்க்க எருமை மாதிரிக் கிடக்கு."

"மான்தான் அக்கா. கொம்பைப் பாருங்கோ."

"அப்ப சரி. மாடெண்டால் இவரை விடமாட்டன்."

விஷயத்தைத் தருமண்ணை குரலைத் தாழ்த்திச் சொன்னார். மகள் ஆரணி ஒரு கியூபெக் பெடியனை விரும்புகிறாள். இரண்டு வருடமாக இவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது பெடியனின் தகப்பன் ரெஜான், "என்னோடு வேட்டைக்கு வாருங்கள், ஆளை ஆள் பார்ப்போம்" என்று அழைத்திருக்கிறார்.

"போய், முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லிப்போட்டு வரப் போறன்."

"போனிலயே சொல்லலாமே அண்ணை?"

"பொம்பிளை வீட்டுக்காரன் போனில இல்லையெண்டு சொன்னால் அது மரியாதையோ?"

ராணி அக்கா கூரையைப் பார்த்தார். அவர் எப்போதோ ஓம் சொல்லிவிட்டார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

அளவான ஒரு பையை எடுத்துக் கொடுத்தேன். தருமண்ணை அதை முதுகில் போட்டுப் பார்க்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவரில் எறிந்தார். எடுத்துத் திரும்பவும் எறிந்தார். மூலை குத்த விழுகிற மாதிரி ஒரு முறை, கைபிடி கீழே வர ஒரு முறை. லிஸ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவர் என்ன செய்கிறார்?"

"சோதிக்கிறார்."

"பையையா, சுவரையா?"

தருமண்ணை காலால் பையை மிதித்துக்கொண்டு கைபிடியை இழுத்தார். "சில்லு இல்லையோ?"

"காட்டில சில்லு ஓடாது அண்ணை."

"உதென்ன, சிலந்திக் கால் மாதிரித் தொங்குது?"

"இறைச்சி கட்டுற பட்டி."

"பெல்ட்டில மாட்டும்" என்றார். விமான நிலையத்தில் பெட்டிகள் போகும் கன்வேயர் பெல்ட்டைச் சொல்கிறார். தொங்குகிற பட்டி எதுவும் அங்கே எதிரி. அது உருளைச் சில்லுக்குள் சிக்கினால் முழு வரிசையும் நின்றுவிடும். "அண்ணை, உது கட்டாயம் வேணும்" என்றேன். "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" எனக்குச் சம்மதம் போலக் கேட்டது.

கடைசியில், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கடையில் இருந்ததிலேயே பெரிய பையை வாங்கினார். நான் சும்மா இருக்கவில்லை.

"இல்லையெண்டு சொல்லத்தானே போறியள், ஏன் அண்ணை இவ்வளவு பெரிசு?"

"இல்லையெண்டு சொல்லுறவன் சின்னப் பையோட போகேலாது தம்பி."

பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "நீயும் வா. என்ர பிரெஞ்சு பெட்டி ஏத்திற இடத்துப் பிரெஞ்சு. சம்பந்தி வீட்டில அவிழ்க்கேலாது."

லிஸ் லீவு கொடுத்தாள். "போய் வா. இனி வேட்டைக்குப் போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால் ஓம் சொல்லலாம்."

3. பெரிய பைக்குப் பெரிய துண்டு

புரட்டாதி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, காரில் வடக்கே நாள் முழுக்க ஓடி, மரக் குடில் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரெஜான் தென்னை மாதிரி உயரம். மர ஆலையில் வேலை. கூட அவருடைய தம்பி. துவக்கும் சுடுகிற அனுமதியும் அவர்கள் இருவருக்கும்தான். நாங்கள் ஒரேஞ்சு மேல்சட்டை போட்ட சுமைகாரர். மாத்தியூவை, அதாவது மாப்பிள்ளைப் பெடியனை, தகப்பன் வேண்டுமென்றே கூட்டி வரவில்லை.

தருமண்ணையின் பைக்குள்ளிருந்து புட்டுக்குழல், மிளகாய்த்தூள், பிரஷர் குக்கர், இரவில் உடுத்த ஒரு சாரம், இரண்டு தலையணை உறை எல்லாம் வந்தன. விமானத்தில் போகிறவர் போல நிரப்பியிருந்தார் ராணி அக்கா. ரெஜான் குக்கரைத் தட்டிப் பார்த்து, "இது எந்த மிருகத்துக்கு?" என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் காட்டுக்குப் போகும்போதும் தருமண்ணை குக்கரையும் சாரத்தையும் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரெஜான் மரப்பட்டையால் செய்த குழலை வாயில் வைத்து, பெண் மூஸ் ஆணை அழைப்பது போல முனகினார். கொஞ்ச நேரத்தில் சுள்ளி முறிந்தது. குதிரையை விட உயரமாக ஒன்று வந்து நின்றது. ஒரே வெடி. விழுந்த இடம் சதுப்பு. நாலு சில்லு வண்டி அங்கே வராது. வண்டிப் பாதை வரை சுமக்க வேண்டும்.

தோலுரித்துத் துண்டு போட்ட பிறகு ரெஜான் எங்கள் பைகளைச் சுற்றி நடந்தார். "எங்கள் குடிலில் ஒரு வழக்கம். யாருடைய பை பெரியதோ அவருக்குப் பின்தொடை."

மூஸின் ஒரு பின்தொடை ஒரு சின்ன ஆளின் பாரம். ரெஜான் சொன்னதைக் கேட்டதும் தருமண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "சனிக்கிழமை சாப்பிடத்தான் கூடாது. சுமக்கலாம்" என்றார். புரட்டாதிச் சனி அது.

ரெஜான் பையைத் தூக்கி, பிரேமைத் திறந்து, பட்டியைத் தேடினார். இடப்பக்கம் தேடினார். வலப்பக்கம் தேடினார். பையைத் தலைகீழாகப் பிடித்தார். ஒன்றும் தொங்கவில்லை. பட்டிகள் அடியோடு வெட்டப்பட்டு, நுனிகள் லைட்டரால் அழகாகக் கருக்கப்பட்டிருந்தன. இடுப்புப் பட்டியையும் பெனியனோடு அளந்து மிச்சத்தை வெட்டியிருந்தார். தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் அது பூட்டவே இல்லை.

"அண்ணை, பட்டியள் எங்க?"

"வெட்டிட்டன். பெல்ட்டில மாட்டுமெண்டு சொன்னனான்தானே."

ரெஜானுக்குச் சொன்னேன். அவர் சதுப்பைச் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீரும் பாசியும். "எந்த பெல்ட்?" என்று கேட்டார். அவருடைய தம்பி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை.

தருமண்ணையின் முகம் கறுத்தது. "சிரிக்கிறாங்களோ? நில். இப்பவே சொல்லுறன் இல்லையெண்டு."

"அண்ணை, பேந்து சொல்லுங்கோ. திரும்பிப் போற வழி அந்தாளுக்குத்தான் தெரியும்."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்."

பிறகு கோடரியை எடுத்து ஓர் இளமரத்தை வெட்டிக் கிளை கழித்தார். சாரத்தைக் கிழிக்காமல் முறுக்கி, தொடையைத் தடியின் நடுவில் கட்டினார். முன்முனையைத் தன் தோளில் வைத்தார். பின்முனைக்கு நான் குனிந்தேன். ரெஜான் முழங்கையால் என்னை விலக்கிவிட்டுத் தானே தோள் கொடுத்தார். எனக்கு அந்த முட்டாள் பையும், அதற்குள் குக்கரும், கழுத்திறைச்சியும் கிடைத்தன.

4. தடியின் இரண்டு முனைகள்

தென்னையும் பீப்பாயும் ஒரே தடியைத் தூக்கினால் என்ன நடக்கும்? பாரம் குட்டைப் பக்கம் வழுக்கும். முதல் சரிவிலேயே தொடை வந்து தருமண்ணையின் பிடரியில் இடித்தது. அப்போதுதான் அவருடைய பிரெஞ்சு அவிழ்ந்தது.

"துஸ்மான்!" மெதுவாக. "அவான்ஸ்!" முன்னால் போ. இவை ஒழுங்கான சொற்கள். இரண்டாவது முறை இடித்ததும் மற்றவை வந்தன. கியூபெக்கில் கோபம் வந்தால் தேவாலயச் சாமான்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பூசைப் பாத்திரம், அப்பப் பெட்டி எல்லாம் அதில் அடக்கம். தருமண்ணை ஊர்ப் பெருமாள் கோயிலில் வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டு வளர்ந்தவர். ஒரு தேவாலயம் கட்டப் போதுமான சாமான்களை ஒரே மூச்சில் இறக்கினார்.

ரெஜான் நின்றுவிட்டார். "இதை எங்கே படித்தார்?" என்று என்னைக் கேட்டார்.

"வேலையில."

"எங்கள் பங்குச் சாமியாருக்குக்கூட இவ்வளவு தெரியாது" என்று சொல்லி, மரியாதையோடு தடியைச் சரிசெய்தார்.

ரெஜானின் தம்பி தன் பங்குத் துண்டோடு முன்னால் போய்விட்டதால், இதற்குப் பிறகு நடந்ததை இருவருக்கும் பின்னால் வந்த நான் மட்டும்தான் முழுதாகப் பார்த்தேன். இளைப்பாறத் தடியை இறக்கி வைக்கும்போதெல்லாம், தருமண்ணை மூச்சு வாங்கக் குனிந்த நேரம் பார்த்து, ரெஜான் சாரத்து முடிச்சைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்துவிடுவார். பாரம் அவர் முனைக்குப் போகும். பிறகு ரெஜான் மூக்குச் சிந்தத் திரும்பும்போது, தருமண்ணை காலால் தொடையைத் தன் பக்கம் உதைப்பார். இவர் இழுப்பதும் அவர் உதைப்பதுமாகச் சதுப்பு பாதி கடந்தது. இருவரும் ஒன்றுமே தெரியாத முகத்தோடு நடந்தார்கள்.

கடைசி மேட்டுக்கு முன்னால் தருமண்ணை திடீரென்று திரும்பினார். ரெஜானின் கை முடிச்சில் இருந்தது.

"தம்பி, இந்தாள் களவாப் பாரம் எடுக்கிறார்!"

"கனநேரமா எடுக்கிறார் அண்ணை. நீங்களும்தான்."

தருமண்ணை தடியைப் பார்த்தார், ரெஜானைப் பார்த்தார். "இவ்வளவு வருஷம் பெட்டி தூக்கினன். எல்லாரும் பாரத்தை மற்றவன் பக்கம் தள்ளுறதைத்தான் கண்டனான். உவனென்ன விசர் சாதி?"

"என்ன சொல்கிறார்?" என்றார் ரெஜான்.

"முடிச்சு நடுவில இருக்கட்டுமாம்."

வண்டிப் பாதைக்கு வந்து, தொடையை வண்டியில் ஏற்றி, இருவரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார்கள். ரெஜான் பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றினார். "ஆரணி என் மகனிடம் சொன்னாளாம், அப்பா ஏதோ சொல்லத்தான் வருகிறார் என்று. சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறேன்."

மொழிபெயர்த்தேன். தருமண்ணை கோப்பியை முழுதும் குடித்தார். பிடரியைத் தடவினார்.

"சொல்லு அவருக்கு. வைகாசியில நல்ல நாள் இருக்கு."

சொன்னேன். ரெஜான் முகத்தில் சந்தோஷம் வந்த வேகத்தில் கவலையும் வந்தது. "மே மாதமா? அப்போது டிரவுட் மீன் பிடிக்கிற காலம்."

"அப்ப ஆனி எண்டு சொல்லு."

"ஜூனில் கறுப்பு ஈ கடிக்கும். விருந்தினரைச் சாப்பிட்டுவிடும்."

"ஆவணி?"

ரெஜான் விரல் மடித்துப் பார்த்தார். "ஆகஸ்ட் சரி. ஆனால் செப்டம்பருக்குத் தள்ளக் கூடாது."

"புரட்டாதியில நானும் வைக்கமாட்டன்" என்றார் தருமண்ணை. "எனக்குச் சனி, அவருக்கு வேட்டை." பிறகு என்னைப் பார்த்து, "ராணிக்கு இப்ப போன் எடுக்காதை. நான் உடன ஓமெண்டு சொல்லிப்போட்டனெண்டு நினைப்பாள்."

5. கற்றுக்கொண்டது

இப்போது பை கேட்டு யாராவது வந்தால், முதுகை அளக்கும் முன் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்குபவர் இடுப்புப் பட்டியை உடனே புரிந்துகொள்வார். கட்டடம் துப்புரவு செய்பவர் முதுகில் மெஷின் சுமந்து பழகியவர், தோள்பட்டியை இறுக்கிக் கெடுப்பார். தையல்காரர் வந்தால் கத்தரிக்கோலைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறேன். ஆட்கள் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் வேலைக்கு ஏற்றபடி திருத்திவிடுகிறார்கள். அதைக் கடைக்காரன் முன்கூட்டியே அறிய வேண்டும்.

காட்டுக்கு உடுத்திப் போகும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பையைப் பூட்டிப் பாருங்கள். முக்கியமாக, வீட்டிலேயே அதை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். வேட்டைப் பை கொண்டு போவதற்கு வாங்குவதல்ல, கொண்டு வருவதற்கு வாங்குவது. போகும்போது பாதி வெறுமையாக இருக்கட்டும். அங்கே போய்ச் சொல்ல வைத்திருக்கும் பேச்சுக்கும் இதே அளவுதான்.