மாடிவீட்டுக் கதவும் நடவுப் பாட்டும்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பதினொன்று, பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஊர்க்கதை சொல்லும் நடவுப் பாட்டுகளைத் திரட்டலாம் என்று கல்லூரித் தோழிகள் நாம் பேசினோமே, நேற்று நான் போய் வந்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் காலை ஆறு மணி பஸ். மலைக்கோட்டைப் பக்கம் இறங்கி வேறு பஸ் பிடித்தால் முக்கொம்பு பதினோரு மைல். எல்லாம் சேர்த்து அறுபது நயா பைசா. பிறகு வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் நடை. பத்து மாதக் குழந்தைக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா, காய்ச்சிய தண்ணீர் போதுமா என்று வழியெல்லாம் எனக்குத்தான் பயம். அவளோ சுகமாகத் தூங்கினாள்.

வயலில் பதினைந்து பெண்கள். வழியில் வருகிறவர் காலடியில் நாற்றுமுடியை, அதாவது நாற்றுக் கட்டை வைத்து, அவர் வீட்டைப் புகழ்ந்து பாடிக் காசு கேட்பது அவர்கள் வழக்கம். முதலடி எடுத்துக் கொடுக்கும் மாரியாயி எந்த வீடு என்று கேட்டாள். இப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்தாலும் இந்த ஊர் மாடிவீட்டு மருமகள் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். பெரிய வெள்ளத்தில் ஊருக்கே அடைக்கலம் கொடுத்த வீடாயிற்றே என்று, மாமனார் சொன்னதைப் பெருமையாகச் சேர்த்தேன்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து சிரித்தாள்.

"அந்த வீட்டுக்கும் பாட்டு இருக்கும்மா. ஒங்களுக்கு வேணாம்," என்றாள் மாரியாயி.

கேட்காமல் திரும்பினால் நான் எதைத் திரட்ட வந்தேன்? பாடச் சொன்னேன்.

*வாய்க்கா கரை ஒடைஞ்சு வயக்காடு கடலாச்சு
மாடிவீட்டு வாசக்கதவு மழையோட சாத்தியாச்சு*

ஊர் ஜனங்கள் தட்டியும் கதவு திறக்கவில்லை. விடியும்வரை பூவரச மரத்தில் தொற்றிக் கிடந்திருக்கிறார்கள். வெள்ளத்தோடு போன ஏழு பேரின் பெயர்களும் பாட்டில் வரிசையாக வந்தன.

"மூணாவது பேரு எங்க அக்கா," என்றாள் மாரியாயி. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு நெனச்சோம். பாப்பாவக் குடுங்க, தூளி கட்டுறேன்." அதே பூவரசில்தான் கட்டினாள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மறுபடி பயம். வீட்டுக்காரரிடம் பாட்டு எழுதிய நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "எழுது. அப்பா அந்த வெள்ளக் கதையை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ள போயிடுவா, பார்த்திருக்கியோ?" என்றார். அப்பாடா என்றிருந்தது.

குடை, காய்ச்சிய தண்ணீர், பஸ் காசு போகப் பாடுகிறவர்களுக்கு எட்டணாச் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப நாலு மணி பஸ்ஸை விடாதீர்கள். வீட்டுப் பெருமை மட்டும் வேண்டாம். அந்தப் பாட்டைக் கேட்க மாமியாரும் வருகிறேன் என்கிறார். நடவு இன்னும் எட்டு நாள்தான். உங்களில் யார் யார் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.