மச்சாளுக்குச் செய்த கோப்பிக் கேக் உருண்டை

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அதுவரை இரண்டு தடவை வந்திருந்தார். இரண்டு தடவையும் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. எங்கள் கதிரையில் இருந்துகொண்டு, தன் பையிலிருந்த போத்தல் தண்ணீரைக் குடித்து, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார். "வயிறு சரியில்லை" என்பார். அந்த வயிறு எங்கள் வாசலில் மட்டும்தான் கெடும். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதுதான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் வாய்விட்டுப் பதில் சொல்லியிருப்பேன். மனசு அதிலாவது ஆறியிருக்கும்.

மூன்றாவது தடவை, கண்டியில் கண் டொக்டரிடம் காட்ட வருகிறார் என்று தகவல் வந்தது. இந்த முறை என் கையால் செய்த எதையாவது அவர் தின்றே ஆகவேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன்.

எதைச் செய்வது? தோசை சுட்டால் அவர்கள் ஊர்த் தோசை மாதிரி வராது. ரொட்டி தட்டினால் தோட்டத்துச் சாப்பாடு. இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடாத பண்டம் ஒன்று போனில் கிடைத்தது. கேக்கை உதிர்த்து, டின்பாலும் கோப்பியும் கலந்து உருட்டி, சொக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். மச்சாள் முட்டை தொடமாட்டார் என்பதால் முட்டையில்லாத கேக்காகவே சுட்டேன்.

கோப்பிதான் சிக்கல். நாங்கள் தேயிலைக்காரர்கள். இவரும் என்னைக் கட்டிய பிறகு தேத்தண்ணிக்கு மாறிவிட்டார். கடைக்கு இறங்கலாமென்றால் மழை விடவில்லை. அலுமாரியைத் துழாவியபோது, போன தடவை மச்சாள் தன் தம்பிக்கென்று வைத்துவிட்டுப் போன கோப்பித்தூள் திறக்காமலே இருந்தது. கோப்பி கோப்பிதானே என்று நாலு கரண்டி தாராளமாகப் போட்டேன். வாசம் கொஞ்சம் காரமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோப்பி அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உருட்டுவதற்கு இவரைக் குளிக்கச் சொல்லிவிட்டுத்தான் குசினிக்குள் சேர்த்தேன். பயத்தம் உருண்டை பிடித்துப் பழகிய கை, நன்றாகத்தான் உருட்டினார்.

"ஒரு துண்டு ருசி பாப்பமே?"

"விரலை நக்கினீங்கன்னா பாருங்க! எச்சி பட்டா உங்க அக்கா மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாங்க."

அப்படியாக, உலகத்திலேயே சுத்தமான அந்த உருண்டைகளைச் செய்த நாங்கள் இருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. சொக்லேட் வேறு குளிரில் பாதியிலேயே இறுகிக்கொண்டது. கரண்டியால் அப்பித்தான் முடித்தோம். சேற்றிலிருந்து பொறுக்கிய உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன.

மச்சாள் வந்தார். என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கில்லை. எல்லாம் தம்பி வழியாகத்தான். தட்டை வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது கடையில வாங்கினதோ?"

இவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"ஓம் அக்கா, கடையிலதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். மென்றார். கண் கலங்கியது, ஒரு தும்மல் வந்தது, பிறகு இருமல்.

"எந்தக் கடையடா இது? மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் போட்டுக் கேக் செய்யிறவன்?"

"கடையில இல்லக்கா," என்றேன். "நான்தான் செஞ்சேன். நீங்க குடுத்த கோப்பித்தூள்ல."

இவர் யன்னலுக்கு வெளியே மழையை ஆராயத் தொடங்கினார். மீதிப் பாதி உருண்டை மச்சாளின் விரல்களுக்கிடையில் இருந்தது. தட்டில் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிவிட்டேன். நல்ல சூடான வார்த்தைகள்.

அவர் வைக்கவில்லை. "அது தடிமன் இருமலுக்குக் குடிக்கிறதுக்கு இடிச்ச தூள்," என்று முனகிக்கொண்டே மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். அது தொண்டையில் சிக்கிவிட்டது போலும், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, விக்குது. தேத்தண்ணி ஏதும் தாரும்."

கேத்திலில் ஊற்றி வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்து அழுதேன். சந்தோஷம்தான். ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்ததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று கோபமும்தான்.

இவர் பின்னாலேயே வந்து நின்றார். "உருண்டை பிழைச்சதுக்கு ஏனப்பா அழுறீர்? அடுத்தமுறை நல்லா வரும்."

அவருக்கு நான் என்னத்தை விளக்குவது?

"பிள்ளை," என்று மச்சாள் ஹோலிலிருந்து கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கிடக்கோ?"

முந்திய தடவைகளிலென்றால் ஓடியிருப்பேன். சேலைத் தலைப்பால் முகத்தை ஆற அமரத் துடைத்துக்கொண்டேன்.

"இருங்க, வர்றேன்," என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன்.