மாரியப்பனை நான் கூப்பிடவில்லை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைக்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, ஆனால் சுற்றியதில் குறைவில்லை. சரக்கு ரயில் பெட்டியில் தூங்கியிருக்கிறேன், ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஒரு மாதம் படுத்து எழுந்திருக்கிறேன், செத்தவன் எவனும் வந்து என் போர்வையை இழுத்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

தொண்ணூறுகளில் ரங்கூனில், அலோன் படகுத்துறையில், நானும் மாரியப்பனும் அரிசி மூட்டை தூக்கினோம். அங்கே எங்கள் ஆட்கள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூட்டையோடு பலகையில் ஏறுகிறவனுக்குப் பேர் சொல்ல மூச்சு ஏது, 'ஏ!' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒதுங்கு என்பதற்கும் அதுதான், சோறு வந்துவிட்டது என்பதற்கும் அதுதான். கத்தும்போது அது 'யே' என்றுதான் வரும். பர்மாக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு, ஏனென்றால் அவர்கள் பாஷையில் 'யே' என்றால் தண்ணீர். "இந்தக் கலாக்களுக்கு எந்நேரமும் தாகம்" என்பார்கள். கலா என்பது நம் ஆட்களுக்கு அவர்கள் வைத்த பேர்.

ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்து மாரியப்பனின் தொடை ஒடிந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் படு என்று சொல்லிவிட்டார். அவன் வீடு நகரத்துக்கு வடக்கே ஷ்வேப்யிதாவில், ஓடைக்கரையில், மூங்கில் கால்கள் மேல் நின்ற குடிசை. பெண்டாட்டி மா கின் பர்மாக்காரி, தையல் ஆலையில் வேலை, அவள் போனால்தான் அடுப்பு எரியும். பகலில் அவனுக்குக் கஞ்சி கொடுக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும், எனக்கும் அப்போது படுக்க இடமில்லை, போய் ஒட்டிக்கொண்டேன்.

விளக்குத் திருவிழா முடிந்தால் மழைக்காலம் முடிந்தது என்பார்கள் அங்கே. அந்த வருடம் திருவிழா கழிந்து ஒரு வாரத்தில் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. மேலேயிருந்து வெள்ளம் இறங்கியது, கீழேயிருந்து கடல் ஏற்றம் ஆற்றுத் தண்ணீரை ஓடைக்குள் தள்ளியது, இரண்டும் எங்கள் குடிசைகளுக்கு நடுவில் வந்து முட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் விடிந்ததும் மா கின் இடுப்புத் தண்ணீரில் ஆலைக்குப் போனாள். போகாவிட்டால் அவள் தையல் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். பதினோரு மணிக்கு ஏணியில் மூன்று படிதான் வெளியே தெரிந்தது.

"நான் போய் சம்பான் பிடிச்சிட்டு வர்றேன்" என்றேன், சம்பான் என்பது அங்கே சின்னத் துடுப்புப் படகு. "நான் வந்து கூப்பிடுற வரைக்கும் நீ ஏணியில கால் வைக்கக் கூடாது. தெரியுதா?"

"வைக்கிறதுக்குக் கால் எங்கடா இருக்கு?" என்று சிரித்தான். "நல்ல சம்பானாக் கொண்டா. மாடு, பன்னி ஏத்துனதுல எல்லாம் நான் வரமாட்டேன்."

அவன் வாய் முகூர்த்தம், மேட்டுச் சாலையில் கிடைத்த ஒரே சம்பான்காரன் கோ துன் பன்றிதான் ஏற்றிக்கொண்டிருந்தான். யாரோ பெரிய மனிதரின் பன்றிகள். கெஞ்சிப் பார்த்தேன். "முதல்ல பன்னி, அப்புறம் கலா" என்றான். சீக்கிரம் முடியட்டும் என்று நானும் கூடவே இறங்கிப் பன்றியைக் காதைப் பிடித்துத் தூக்கினேன். மூன்று நடை. இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், பதினொன்றரை மணியிலிருந்து நான் கோ துன்னின் கண் பார்வையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை.

மூன்று மணிக்குக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். தரைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. பாய் காய்ந்து கிடந்தது. மாரியப்பன் இல்லை.

பக்கத்துக் குடிசைப் பரணிலிருந்து டோ மியா, மீன் விற்கிற அம்மாள், எட்டிப் பார்த்தாள்.

"அமேலே! நீ இப்பத்தான் வர்றியா? அப்ப அவனைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

ஒரு மணி வாக்கில் ஓடைப் பக்கமிருந்து 'யே, யே' என்று ஒரு சத்தம் வந்ததாம். தண்ணீர் வருகிறது என்று யாரோ எச்சரிக்கிறார்கள் என நினைத்து அவள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறிவிட்டாள். இந்தக் குடிசையில் மாரியப்பன் சிரித்துக்கொண்டே எங்கள் பாஷையில் ஏதோ பதில் சொன்னானாம். பிறகு ஏணியில் சத்தம். சம்பான் வந்துவிட்டது என்று நினைத்தாளாம். சத்தம் ஒன்றுதான். அவள் காதுக்குத் தண்ணீர், அவன் காதுக்கு நான்.

சம்பானிலேயே தேடிப் போனோம். ஓடை வளைவில், ஒரு மூங்கில் புதரைக் கட்டிப் பிடித்தபடி இருந்தான். உயிர் இருந்தது. சம்பானில் தூக்கிப் போட்டோம், பன்றிச் சாணியிலேயே கிடந்தான், கால் கட்டெல்லாம் அவிழ்ந்து எலும்பு வேறு பக்கம் பார்த்தது.

"எதுக்குடா இறங்கின?"

"நீதானடா கூப்பிட்ட."

"நான் இல்லடா. இந்தா, கோ துன்னைக் கேளு."

அவன் யாரையும் கேட்கவில்லை. "முதுகக் காட்டிட்டுப் போய்க்கிட்டே இருந்தியே" என்றான். "ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா என்னடா?"

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டி மூன்றாம் நாள் செத்துப்போனான். அந்த மூன்று நாளும் நான் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். எரித்துவிட்டு வந்தோம். குடிசை வரிசையில் பேச்சு கிளம்பியது, கலாவைக் கலாவே இறக்கிவிட்டான் என்று. அதை நான் பொருட்படுத்தவில்லை. மா கின் என்ன நினைக்கிறாள் என்பதுதான் என்னைத் தின்றது. கோ துன்னைக் கூட்டிப் போய் அவள் முன்னால் நிறுத்தினேன், அவனும் புத்தர் படத்துக்கு நேரே கை கூப்பி, இவன் என்னோடுதான் இருந்தான் என்று சத்தியம் செய்தான். "தெரியும், அக்கோ" என்றாள் அவள், அண்ணன் என்கிற அர்த்தத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நம்பினாளே, அது போதும் என்றிருந்தது.

எட்டு, பத்து நாள் கழித்து பிக்குகள் மடத்தில் வெள்ளத்தில் பொருள் இழந்தவர்களுக்குத் துணி கொடுத்தார்கள். வரிசையில் நின்றேன். துணிக்கட்டைப் பிரித்து என் கையில் ஒரு புதுக் கைலி வைத்தார்கள், பச்சை, குறுக்கே சிவப்புக் கோடு. கட்டியிருந்தது கிழிந்து போனதால் அங்கேயே மாற்றிக்கொண்டு, மா கின் வீட்டு ஏணிக்குப் புதுப் படி கட்டலாம் என்று மூங்கிலோடு போனேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அரிசித் தண்ணீர் சட்டியோடு கவிழ்ந்தது.

"அக்கோ, இது எப்ப வாங்கின?"

"இன்னைக்குத்தான். மடத்துல குடுத்தாங்க. ஏன்?"

சாவதற்கு முந்தின நாள் மாரியப்பன் அவளிடம் சொல்லியிருக்கிறான். கூப்பிட்டவன் முகத்தைப் பார்க்கவில்லையாம், குரலும் முதுகும்தான். பச்சைக் கைலி, சிவப்புக் கோடு, மடித்துக் கட்டியிருந்தான். மாரியப்பனுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணீர், முன்னால் போனவனுக்கு முழங்கால்கூட நனையவில்லையாம். இதைக் கேட்டுத்தான் அது நானில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். என்னிடம் இருந்தது இரண்டே கைலி, இரண்டும் நீலம், துவைத்துப் போட்டதே அவள்தான்.

ரொம்ப நேரம் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீ இனிமேத்தான் போகப் போறியா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டேன். மாரியப்பனின் பழைய கைலி ஒன்றை எடுத்து நீட்டி, "மாத்து" என்றாள். பச்சைக் கைலியில் மண்ணெண்ணெய் ஊற்றி, அவளே தீ வைத்து, ஒரு நூல் மிஞ்சாமல் குச்சியால் புரட்டிப் புரட்டி எரித்தாள். அவள் மனதில் ஓடியது இதுதான், அவளே வாய்விட்டுச் சொன்னாள்: கைலி இல்லையென்றால் நான் அந்த வெள்ள நாளுக்குத் திரும்பிப் போகமாட்டேன், நான் போய்க் கூப்பிடவில்லையென்றால் அவன் இறங்கியிருக்கமாட்டான். நான் என்ன சொல்ல? சாம்பலாக்கி நாமே ஆற்றில் விட்டவன்தானே என்றா?

இருட்டுகிற நேரம் சோறு வடித்தாள். மூன்று தட்டு வைத்தாள். நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போட்டாள், தனக்குப் போட்டாள். மூன்றாவது தட்டுக்கு அகப்பையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்று, என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள். முகம் மாறியது. பயந்த முகம் இல்லை அது.

"மெதுவா வா" என்றாள். "படி வழுக்கும்."

அதை என்னிடம் சொல்லவில்லை. நம்பினால் நம்புங்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தேன், பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமல் பின்பக்கத் தட்டியைத் தள்ளிக் குதித்துப் போய்விட்டேன். மறுபடி அந்தப் பக்கம் போனதில்லை. இன்றைக்கும் எந்த ஊரில், எவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.