இடது காலை முன்னால் வை

எங்கள் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்க ஒரு முறை இருக்கிறது. பஸ் முழுதாக நிற்காது. ஸ்டாப் வந்ததும் வேகம் குறையும், கண்டக்டர் ஒரு விசில் கொடுப்பார். முகம் முன்னோக்கியிருக்க, இடது காலை முதலில் தரையில் வைத்து, பஸ் போகிற பக்கமே நாலு எட்டு ஓடி நிற்க வேண்டும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். வராதவர்களுக்குக் கண்டக்டர் தினமும் சொல்வார்: "எடது கால முன்னால வை."

என் அம்மாவுக்கு இடது கால் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போனது. தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். அம்மாவுக்கு நெல்லித்தோப்பில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. மோட்டார் மிஷினை ஓட்ட வலது கால் போதும். அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு, அவர் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்து வாங்கிய சம்பளம் அரிசிக்கே சரியாகப் போயிற்று. என்னைக் கல்லூரிவரை கொண்டுபோனது அம்மாவின் தையல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. யாருடைய காலால் படித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவது ஏணியில் இறங்குவது மாதிரி இருக்கும். பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கம்பிகளையும் பிடித்து, உடம்பைக் கைகளில் தாங்கி, வலது காலைக் கீழே விடுவாள். அதற்கு பஸ் நிற்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நான் குடையோடு ஸ்டாப்பில் காத்திருந்தேன். அம்மா வந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே இன்னொரு பிரைவேட் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. அது முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் கூட்டம் அதற்குப் போய்விடும். அம்மாவின் கால் தரையைத் தொடும் முன்பே, கிளம்பச் சொல்லும் இரண்டு விசில் கேட்டது. அவள் கம்பியை விடவில்லை. பஸ் அவளைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது, பிறகு கை வழுக்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கும்போது முழங்கை கிழிந்து, நெற்றியில் சேறும் ரத்தமுமாக இருந்தாள்.

பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சிதறிக் கிடந்த சாப்பாட்டு டப்பாவை அவர்தான் பொறுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "எடது கால வைக்கான்னு எத்தினி வாட்டி சொல்றது? வலது கால வச்சா உழத்தான செய்வ." ஜன்னல்களில் தலைகள் ஆமாம் என்று ஆடின. அம்மா இறங்கத் தெரியாமல் இறங்கினாள் என்று அந்த பஸ் முழுக்கத் தீர்ப்பாகிவிட்டது.

வீட்டிலும் அதே தீர்ப்புதான். கட்டுப் பிரிக்கும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வாசற்படியில் நிறுத்தி, தான் கீழே தெருவில் நின்றுகொண்டு, இடது காலை முன்னால் வைக்கப் பழக்கினார். நானும் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். கால் மடங்க மடங்க, "இன்னொரு வாட்டி" என்றார் அப்பா. தெருவில் போனவர்களும் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மா கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கால ஏன் எல்லாருமாச் சேந்து திருத்துறீங்க?" என்றாள். "அது இன்னா புதுசாவா சூம்பிச்சி?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வேலைய உட்டுடு. அதான் பொண்ணு சம்பாரிக்குதே."

அம்மா என்னைப் பார்த்தாள். என் சம்பளத்தைக் காட்டி அவளை வீட்டில் உட்கார வைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறு வாரம் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். குறை கேட்கும் நாள் என்று பெயர், கேட்பது மாடியில். லிஃப்ட் இல்லை. அம்மா கீழே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க, அவள் ஏற முடியாத படிகளில் ஏறிப்போய் அவளுடைய குறையை நான் சொன்னேன். நிற்காத பஸ்ஸை நிற்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டேன். அங்கிருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, படித்த பெண்ணாக இருக்கிறாய், அம்மாவை ஆட்டோவில் அனுப்பக் கூடாதா என்றார். படித்த பெண் என்பதால்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகும் பஸ்கள் உருண்டுகொண்டுதான் இருந்தன.

அம்மா மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். முதல் நாள் சாயங்காலம் நானும் நெல்லித்தோப்புக்குப் போய் அவளோடு பஸ் ஏறினேன். எங்கள் ஸ்டாப் வந்தது, விசில் கேட்டது, வேகம் குறைந்தது. அம்மா முன்படியில் இரண்டு கம்பிகளையும் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எறங்குக்கா," என்றார் கண்டக்டர். அன்றைக்கு இருந்த அதே ஆள்தான்.

"நிக்கட்டும்."

"அதான் நிக்குதே."

"உருளுது," என்றாள் அம்மா.

பின்னாலிருந்து ஹாரன். ஒருவர், அந்தம்மாவுக்குக் கம்பளம் விரித்தால்தான் இறங்கும் போல என்றார். சிலர் சிரித்தார்கள். நான் திரும்பி அவரைப் பார்த்து, "உங்க வூட்டு ஆளு உழுந்தா இப்பிடித்தான் சிரிப்பீங்களா சார்?" என்றேன். அதற்குள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. அம்மா படியைவிட்டு நகரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் நிறையப் பேர் ஏற நின்றதால் பஸ் தானாகவே நின்றது. ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினாள்.

ஒரு ஸ்டாப் தூரம் திரும்பி நடந்தோம். நடைபாதை என்று ஒன்று இருந்தது. ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர், இறங்கினால் வரிசையாக பைக்குகள், நடுவில் சிலாப் பெயர்ந்து வாய் திறந்து கிடக்கும் சாக்கடை. அம்மா தொடையை அழுத்திக்கொண்டு ரோட்டிலேயே நடந்தாள். அவளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் நான் நடந்தேன். இதே ஊரில் கடற்கரைச் சாலைக்கு சாயங்காலமானால் தடுப்புப் போட்டு வண்டிகளை நிறுத்துகிறார்கள், விருந்தாளிகள் நடு ரோட்டில் நடந்து போட்டோ எடுக்கட்டும் என்று. நிறுத்தத் தெரியாத ஊர் இல்லை இது. யாருக்காக நிறுத்துவது என்று தெரிந்து வைத்திருக்கிற ஊர்.

அதற்கடுத்த நாட்களிலும் அம்மா அப்படியே நின்றாள், அப்படியே நடந்தோம். ஒரு நாள் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்றது, சக்கரம் அசையாமல். "அக்காவுக்காக நிறுத்துண்ணே, பாவம்," என்று டிரைவரிடம் கண்டக்டர் சொன்னது கேட்டது. அம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, அரிசி மூட்டை வைத்திருந்த ஒருவர், இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், யாரும் ஓடாமல் இறங்கினார்கள். அன்றைக்குத் தாங்கள் ஓடவில்லை என்பதை அவர்கள் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

எனக்கு அந்த 'பாவம்' என்ற சொல்தான் காதில் குத்திக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"பாவம்னு நின்னா நம்ம மூஞ்சி தெரிஞ்ச பஸ்ஸுதான் நிக்கும்," என்றாள். "ஸ்டாப்புன்னு நிக்கணும்."

மறுநாள் வேறு பஸ். வேறு கண்டக்டர், இளவயது ஆள். எங்கள் ஸ்டாப் நெருங்கியது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "எடது கால முன்னால வைங்கம்மா," என்றார்.

அம்மா இரண்டு கம்பிகளையும் இறுக்கிப் பிடித்தாள். நான் அவளுக்குப் பின்னால் படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.