சுருதியக்காவின் இடது காது

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பாடகர் குழுவில் சுருதியக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடப் பட்டம் அது. வாத்தியங்கள் ஓய்ந்து வெறும் குரலில் தொடங்க வேண்டிய இடங்களில், தட்டினால் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கும் இரும்புச் சுருதிக்கவையை விரல் முட்டியில் தட்டிக் காதோரம் வைத்து, பக்கத்திலிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி முனகுவாள். ஸ்வரம் வரிசை வரிசையாகப் பரவிவிடும். சபையில் இருப்பவர்கள் ஏதோ மாயம் என்று வாயைப் பிளப்பார்கள்.

கணவன் போன பிறகு அவளுக்கு வீடென்று இருந்ததே அந்த இரண்டாம் வரிசைதான். ஆறு மாதத்துக்கு முன் இடது காது கெட்டது. செவிடாகித் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் அரை ஸ்வரம் இறக்கிக் கேட்க ஆரம்பித்தது. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று மூச்சே விடவில்லை. கவையை வலது கைக்கும் வலது காதுக்கும் மாற்றிப் பழகினாள்.

அன்று பாடியது லத்தீன் ஜெபங்களுக்குப் புதிதாக இசையமைத்த ஒன்று. பழங்காலக் கட்டுக்கோப்பு, இக்காலக் கூர்மை. கொஞ்சல் குழைவு எதுவும் கிடையாது. முரசு பட்டென்று நிற்கும். பன்னிரண்டு தாளக்கட்டுக்குக் குரல்கள் மட்டும் ஆண்டவனைக் கெஞ்சும். பிறகு டிரம்பெட்டுகள் அதே சுருதியில் வந்து சேரும்.

முரசு நின்றது. பயத்தில் கவை தானாகப் பழைய கைக்கும் பழைய காதுக்கும் போனது. முனகினாள். நாற்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்டவர்கள்கூட, சுருதியக்கா கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று பாடினார்கள். அப்போதுதான் அவள் தன் இடது கையைப் பார்த்தாள். கவை அதில் இருந்தது; நாற்பது பேரும் அரை ஸ்வரம் கீழே பாடிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இருந்தால் டிரம்பெட் வந்து மோதும், கச்சேரியே பாழ். திருத்தினால் காது விஷயம் அம்பலம். நான்காவது கட்டு போனது, ஐந்தாவது போனது. ஆறாவதில் அவள் தனியாக அரை ஸ்வரம் ஏறித் தொண்டை கிழியப் பாடினாள். நாற்பது பேருக்கு எதிராக ஒற்றைக் குரல், கேட்க நாராசம். பக்கத்துத் தோழி முறைத்தாள், பிறகு அவளும் ஏறினாள். வரிசைகள் ஏறின. டிரம்பெட்டுகள் நுழைந்தபோது எல்லோரும் சேர்ந்திருந்தார்கள்.

முடிந்ததும், குழுவை நடத்தும் மாஸ்டர் நேராக அவளிடம் வந்தார்.

"எந்தக் காதும்மா?"

இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா, சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கும் கச்சேரி இருக்கு. கவையை உங்க தோழிகிட்ட குடுத்துடுங்க. நீங்க வரிசையில நிக்கலாம். ஆனா பாட வேண்டாம், வாயை மட்டும் அசைங்க. முடியுமா?"

"முடியும், சார்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள், அத்தனை பேர் பார்க்க, அழுதுவிட்டாள்.